டெப் பில்ட் ஆகுது, இன்ஸ்டாலும் ஆகுது, உள்ள டெம்ப்ளேட் மட்டும் காணோம்

பொட்டிதட்டி நெல்லை:

வணக்கம் மக்களே. மூணு நாளா மண்டைய பிச்சிக்கிட்டு இருக்கேன், டெபியன் லினக்ஸ்ல பேக்கேஜிங், அதாவது இன்ஸ்டால் பண்ற டெப் ஃபைல் கட்டறது, பழகினவங்க யாராச்சும் கொஞ்சம் பாத்து சொல்லுங்க.

ஒரு பாலிடெக்னிக்ல லேப் பாத்துக்கறேன், 26 சிஸ்டம், எல்லாத்துலயும் டெபியன் 12. லேப்ல நெட் கிடையாது, என் மேசையில இருக்கற மெஷின்ல மட்டும்தான் உண்டு. பசங்களுக்கு வெப் பேஜ் டெம்ப்ளேட்டிங் சொல்லித்தர ஒரு சின்ன பைத்தான் லைப்ரரி எடுத்திருக்கேன். ஜின்ஜா2ங்கற டெம்ப்ளேட் லைப்ரரி மேல உக்காந்திருக்கற சின்ன லேயர்தான், ஆனா லேஅவுட், மெனு, ஃபார்ம், டேபிள்னு 14 ரெடிமேட் டெம்ப்ளேட் கூடவே வருது, அதுக்காகவே அதை எடுத்தேன். டெபியன்ல இந்த லைப்ரரி இல்ல. பிப்ல (பைத்தானோட சொந்த இன்ஸ்டாலர்) போடலாம்னு பாத்தா டெபியன் 12லேர்ந்து எக்ஸ்டர்னலி மேனேஜ்டுன்னு சொல்லி பிப் கைய விரிச்சிடுது, வென்வ் (தனி பைத்தான் ஃபோல்டர்) போட்டுக்கோன்னு சொல்லுவீங்க, 26 மெஷின்லயும் பசங்க ஒவ்வொருத்தனுக்கும் வென்வ் போட்டு, அதையும் நெட் இல்லாம போட்டு, யாரு மேய்க்கிறது. ஒரு டெப் ஃபைலா பண்ணிட்டா பென்டிரைவ்ல கொண்டுபோய் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னு ஆரம்பிச்சேன்.

முதல்ல கிட்ல குளோன் பண்ணி, அதுக்குள்ளேயே டெபியன் ஃபோல்டர் வச்சு, டெப் கட்டற டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் ஓட்டினேன். டெப் வந்துச்சு, போட்டேன், நல்லா ஓடுச்சு. சரி முறையா பண்ணுவோம்னு ஆசை வந்துச்சு பாருங்க, அங்க புடிச்சது சனி. வெர்ஷன் டேக்குக்கு கிட்ஹப் தர்ற டார்பாலை (சோர்ஸை சுருட்டின ஒரே ஃபைல்) ஒரிஜினல் சோர்ஸா வச்சு, எஸ்பில்ட்ங்கற டூல்ல சுத்தமான க்ரூட்ல, அதாவது வெறும் டெபியன் மட்டும் இருக்கற தனி ஃபோல்டர்ல, பில்ட் பண்ணேன். எரர் ஒன்னும் இல்ல, டெஸ்ட் 61ம் பாஸ். ஆனா இன்ஸ்டால் பண்ணி ஓட்டினா "டெம்ப்ளேட்நாட்ஃபவுண்ட்: பேஸ்.எச்டிஎம்எல்". கூத்து என்னன்னா சோர்ஸ் ஃபோல்டருக்குள்ள நின்னுக்கிட்டு ஓட்டினா ஓடுது, வேற ஃபோல்டர்ல நின்னா ஓடல.

பில்ட் எப்படி நடக்கணும்னு சொல்ற ரூல்ஸ் ஃபைல் ரொம்ப சின்னது, பைத்தானுக்கான பைபில்ட் வச்சு டிஎச் வரி, அதுக்கு மேல ஒரு எக்ஸ்போர்ட். டார்பாலை விரிச்சு கையால பில்ட் பண்ணிப் பாத்தப்ப செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் (பைத்தான் பேக்கேஜ் கட்டற செட்டப்டூல்ஸோட துணை டூல்) வந்து வெர்ஷன் கண்டுபிடிக்க முடியலன்னு அழுதுச்சு, அதனால ப்ரிடெண்ட் வெர்ஷன்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்குல்ல, அதுல வெர்ஷன் நம்பரைக் கொடுத்து வாயடைச்சேன். அதுக்கப்புறம் அது பேசவே இல்ல.

லிண்டியன் (டெப்ல தப்பு கண்டுபிடிக்கற டூல்) வேற ரெண்டு விஷயத்துக்கு திட்டுது, சோர்ஸ்-இஸ்-மிஸ்ஸிங், ப்ரைவசி-ப்ரீச்-ஜெனரிக்னு. அதை அப்புறம் பாத்துக்கலாமா?

---

மாவுமில்காரன்:

அண்ணே இதுக்கா மூணு நாள். டெபியன் ஃபோல்டர்ல பேக்கேஜ் பேர் போட்டு டாட் இன்ஸ்டால்னு ஒரு ஃபைல் வைங்க, அதுல டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டர் பாத், ஒரு ஸ்பேஸ், அப்புறம் /யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3/டிஸ்ட்-பேக்கேஜஸ் கீழ போகவேண்டிய இடம். முதல் ஸ்லாஷ் வேணாம். ஒரே வரி, டிஎச்_இன்ஸ்டால் தூக்கிட்டுப் போய் வச்சிடும். நான் எல்லாத்துக்கும் இப்படித்தான் பண்றேன், இதுவரைக்கும் ஒருத்தரும் செத்துப்போகல.

---

கறிவேப்பிலை:

மாவுமில் சொன்னது வேலை செய்யும், பொய் இல்ல. ஆனா நோய் என்னன்னு பாக்காம மாத்திரை போடற கதை. அடுத்த வெர்ஷன்ல அவங்க ஸ்டாட்டிக்னு இன்னொரு ஃபோல்டர் சேத்தாங்கன்னா அதுவும் காணாமப் போகும், அன்னிக்கு திரும்ப வந்து இதே கேள்விய போடுவீங்க.

நெல்லை தம்பி, துப்பு நீங்களே எழுதியிருக்கீங்க. வாயடைச்சேன்னீங்களே, அதுதான். செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் பண்றது ஒரு வேலை இல்ல, ரெண்டு வேலை. ஒன்னு, கிட் டேக்கைப் பாத்து வெர்ஷன் சொல்றது. இன்னொன்னு நெறைய பேருக்கு தெரியாது, கிட்ல எந்தெந்த ஃபைல் ட்ராக் ஆகியிருக்கோ அந்த லிஸ்ட்டை செட்டப்டூல்ஸ்கிட்ட கொடுக்கறது. பைப்ராஜெக்ட் டாமல்ல (லைப்ரரியோட செட்டிங் ஃபைல்) கான்ஃபிக் இருந்தா இன்க்ளூட்-பேக்கேஜ்-டேட்டாங்கற செட்டிங் தானாவே ஆன்ல இருக்கும், அதனால அந்த லிஸ்ட்ல இருக்கற எச்டிஎம்எல் எல்லாம் பைத்தான் ஃபைலோட ஒட்டிக்கிட்டு வீலுக்குள்ள (பைத்தானோட ரெடி பேக்கேஜ்) போயிடும். லைப்ரரி எழுதினவர் பேக்கேஜ்-டேட்டான்னு ஒரு வரி கூட எழுதவேண்டிய அவசியமே வரல, மேனிஃபெஸ்ட் ஃபைலும் வேண்டியதில்ல. அவர் மெஷின்ல டாட் கிட் ஃபோல்டர் எப்பவும் இருக்கு, எல்லாம் தானா நடக்குது.

இப்ப உங்க ரெண்டு பில்ட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. முதல்ல குளோனுக்குள்ளேயே ஓட்டினீங்க, டாட் கிட் இருந்துச்சு, 14ம் வந்துச்சு. எஸ்பில்ட், டார்பாலை சுட்டிக்காட்டற டிஎஸ்சி ஃபைல்லேர்ந்து சோர்ஸை விரிக்குது, அதுல கிட் இல்ல. ரெண்டு வேலையுமே படுத்துடுச்சு. வெர்ஷன் கிடைக்கலன்னா எரர் போட்டு நிக்கும், ஃபைல் லிஸ்ட் கிடைக்கலன்னா சத்தமே போடாது, .பிஒய் ஃபைலை மட்டும் எடுத்துட்டு போய்க்கிட்டே இருக்கும். சத்தம் போட்டதுக்கு நீங்க மருந்து கொடுத்துட்டீங்க, போடாதது அப்படியே உள்ள கெடந்துச்சு.

சோர்ஸ் ஃபோல்டருக்குள்ள நின்னா ஏன் ஓடுதுன்னா, பைத்தான் முதல்ல நீங்க நிக்கிற ஃபோல்டரைத்தான் தேடும். உங்க டெப்பை அது தொடவே இல்ல, பக்கத்துல இருக்கற சோர்ஸை இம்போர்ட் பண்ணிக்கிச்சு. எந்த டெப்பா இருந்தாலும் டெம்ப் ஃபோல்டருக்கு போய் நின்னு டெஸ்ட் பண்ணுங்க. அதுக்கும் முன்னாடி டிபிகேஜி-டெப் மைனஸ் சி போட்டு டெப்புக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை கண்ணால பாருங்க, பத்து செகண்டு ஆகாது. ரெண்டு டெப்போட லிஸ்ட்டையும் டிஃப் எடுத்து இங்க போடுங்களேன், 14 வரி வித்தியாசம் வரணும்.

61 டெஸ்ட் பாஸ் ஆனதை நம்பாதீங்க. டெஸ்ட் ஃபைலைத் திறந்து பாத்தா டெம்ப்ளேட்டை ஸ்ட்ரிங்கா உள்ளேயே எழுதி டிக்ட்லோடர்ல கொடுத்திருப்பாங்க, ரெடிமேட் 14ல ஒன்னைக்கூட தொட்டிருக்க மாட்டாங்க.

---

பொட்டிதட்டி நெல்லை:

அக்கா நீங்க மந்திரவாதியா. டிஃப் எடுத்தேன், சரியா 14 எச்டிஎம்எல், கூட ரெண்டு சிஎஸ்எஸ், ஒரு ஜேஎஸ். டெஸ்ட்டும் நீங்க சொன்ன மாதிரியே, எல்லாம் டிக்ட்லோடர்.

இப்ப எதை மாத்தறது? கிட்ஹப் டார்பாலுக்கு பதிலா பிஒய்பிஐல (பைத்தான் லைப்ரரி கிடங்கு) இருக்கற எஸ்டிஸ்ட் டார்பாலை, அதாவது எழுதினவரே கட்டிப்போட்ட சோர்ஸை, எடுத்துட்டா சரியாகிடுமா? அதுல எக்-இன்ஃபோ ஃபோல்டருக்குள்ள சோர்சஸ்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எல்லா பேரும் இருக்கறதை பாத்தேன்.

---

நல்லூரான்:

ஓம், அது வேலை செய்யும், ஆனா அதுக்குள்ள இன்னொரு பொறி இருக்குது. நான் அதில விழுந்து எழும்பினவன், அதுதான் சொல்லுறன்.

கிட் இல்லாத இடத்தில செட்டப்டூல்ஸ் அந்த சோர்சஸ் டெக்ஸ்ட் ஃபைலைத்தான் எடுத்து வாசிக்கும், அதால எஸ்டிஸ்ட்டில இருந்து பில்ட் பண்ணினா டெம்ப்ளேட் எல்லாம் வரும். ஆனா பில்ட் நடக்கேக்க அந்த எக்-இன்ஃபோவை திருப்பி எழுதுது. ரெண்டாந்தரம் பில்ட் பண்ணேக்க டிபிகேஜி-சோர்ஸ் வந்து, சோர்ஸ் மாறிப்போச்சு எண்டு நிப்பாட்டிப் போடும். உடன நாங்கள் எல்லாரும் என்ன செய்யிறது, எதை அழிக்கோணும் எண்டு சொல்லுற டெபியன்/க்ளீன் ஃபைலில எக்-இன்ஃபோ எண்டு ஒரு வரி எழுதிவிடுறது. நிறையப் பேக்கேஜில அப்பிடி இருக்கு, பார்த்து நானும் எழுதினன். பில்ட் தொடங்க முதலே க்ளீன் ஓடும், அந்த சோர்சஸ் ஃபைலும் அதோட போயிடும், பிறகென்ன, டெம்ப்ளேட்டும் போச்சு. எனக்கு இது விளங்க ஒரு கிழமை எடுத்தது.

அதோட எஸ்டிஸ்ட்டில கனபேர் டெஸ்ட் ஃபோல்டரை வைக்கிறேல்லை. உங்கட லைப்ரரியில இருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ.

---

கறிவேப்பிலை:

நல்லூரான் சொன்னது நூத்துக்கு நூறு. அந்த க்ளீன் ஃபைல் கதையை நானும் ரெண்டு மூணு இடத்துல பாத்திருக்கேன்.

எந்த டார்பாலா இருந்தாலும் நிக்கிற மாதிரி பண்ணணும்னா பைப்ராஜெக்ட் டாமல்லயே சொல்லிடுங்க. டூல் செட்டப்டூல்ஸ் பேக்கேஜ்-டேட்டா பகுதில லைப்ரரி பேருக்கு நேரா டெம்ப்ளேட்ஸ் ஸ்லாஷ் ரெண்டு ஸ்டார் ஸ்லாஷ் ஒரு ஸ்டார், ஸ்டாட்டிக்குக்கும் அதே மாதிரி. ரெண்டு ஸ்டார்னா சப்ஃபோல்டருக்குள்ளயும் போகும், செட்டப்டூல்ஸ் 62.3லேர்ந்து அது உண்டு, டெபியன் 12ல இருக்கறது அதை விட புதுசு, பயப்படாதீங்க.

இதை நேரா சோர்ஸ்ல எடிட் பண்ணாதீங்க, ஒரிஜினல் டார்பாலோட ஒத்துப்போகாது. க்வில்ட் பேட்ச்சா (மாத்தினதை மட்டும் தனியா வைக்கற ஃபைல்) டெபியன்/பேட்ச்சஸ்ல வைங்க, மேல டிஸ்க்ரிப்ஷன், ஆத்தர், ஃபார்வர்டட்னு தலைப்பு வரி இருக்கணும். ஃபார்வர்டட்ல (எழுதினவருக்கு அனுப்பியாச்சான்னு சொல்ற வரி) "நாட்-நீடட்"னு போட்டு தப்பிக்கப் பாக்காதீங்க, இது டெபியன் பிரச்சினை இல்ல, இன்னொரு லினக்ஸான ஃபெடோரா ஆளு பண்ணாலும் டேக் டார்பாலை எடுத்தா இதே குழிதான். எழுதினவருக்கு அனுப்பிடுங்க.

அப்புறம் ஒரு ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் (இன்ஸ்டால் ஆன டெப்பை சோதிக்கறது) வைங்க. டெபியன்/டெஸ்ட்ஸ்/கன்ட்ரோல், அதுல நாலு வரி ஸ்க்ரிப்ட்: முதல்ல ஆட்டோபிகேஜிடெஸ்ட்_டெம்ப்ங்கற வேரியபிள் காட்டற ஃபோல்டருக்கு சிடி, அப்புறம் பைத்தான்ல லைப்ரரியோட பேஸ்.எச்டிஎம்எல்லை எடுத்து ரெண்டர் பண்ணு, வெளியில வந்ததுல எச்டிஎம்எல் டேக் இருக்கான்னு க்ரெப். அந்த சிடி இல்லாம எழுதினா திரும்பவும் சோர்ஸ் ஃபோல்டரையே இம்போர்ட் பண்ணிட்டு பாஸ்னு பல்லைக் காட்டும்.

லிண்டியன் திட்டறதை அப்புறம் பாத்துக்கலாம்னீங்க. லேப்புக்குள்ள மட்டும் போடறதா இருந்தா பாக்காமலே விட்டாலும் யாரும் கேக்கப்போறதில்ல. ஆனா ரெண்டாவது திட்டு உங்க லேப்பையே கடிக்கும்னு நினைக்கிறேன். பேஸ்.எச்டிஎம்எல்லைத் திறந்து ஹெட் பகுதிய பாருங்க, எங்கயோ ஒரு சிடிஎன்லேர்ந்து (வெளி சர்வர்) ஜேக்வெரிங்கற ஜேஎஸ் லைப்ரரியோ ஃபான்ட்டோ இழுக்குதா?

---

பொட்டிதட்டி நெல்லை:

ஆமாக்கா இழுக்குது, ஜேக்வெரியும் ஒரு ஃபான்ட்டும். அதான் முதல் டெப் போட்ட அன்னிக்கு பசங்க மெஷின்ல பேஜ் ரொம்ப நேரம் வெள்ளையா நின்னு அப்புறம் மெனு தொறக்காம வந்துச்சு, நான் ப்ரௌசர் பழசுன்னு நெனச்சு ஃபயர்பாக்ஸை திரும்பத் திரும்ப இன்ஸ்டால் பண்ணிட்டு இருந்தேன். 😭

---

கறிவேப்பிலை:

லிண்டியன் இதுக்குத்தான் கத்துது. பேர்ல ப்ரைவசின்னு இருக்கறதால நமக்கு இல்லன்னு நெனச்சுக்கறோம். லோக்கல்ல இருக்கற ஒரு பேஜைத் திறந்தா திறக்கறவங்களுக்குத் தெரியாம அவங்க ப்ரௌசர் வெளியில ஒரு சர்வரைப் போய் தட்டுது, டெபியன்ல அது ஆகாது. நெட் இல்லாத இடத்துல அதே வரி வெள்ளை பேஜா மாறும்.

டெபியன்ல லிப்ஜேஎஸ்-ஜேக்வெரின்னு பேக்கேஜ் இருக்கு, /யூஎஸ்ஆர்/ஷேர்/ஜாவாஸ்க்ரிப்ட்/ஜேக்வெரி கீழ வந்து உக்காரும். டிபெண்ட்ஸ்ல அதைச் சேத்துட்டு டெம்ப்ளேட்ல அந்த வரிய பேட்ச் பண்ணுங்க. அப்பாச்சி வச்சிருந்தீங்கன்னா ஜாவாஸ்க்ரிப்ட்-காமன் பேக்கேஜ் ஸ்லாஷ் ஜாவாஸ்க்ரிப்ட்னு ஒரு ஏலியாஸ் போட்டுத் தரும், அந்த அட்ரஸையே எழுதிடலாம். ஃபான்ட் வரிய தூக்கிடுங்க, பசங்க பேஜுக்கு அது இல்லாம குடி முழுகிடாது.

சோர்ஸ்-இஸ்-மிஸ்ஸிங், அது அந்த ஒரு ஜேஎஸ் ஃபைலா இருக்கும், மின் டாட் ஜேஎஸ்னு முடியுதா? மினிஃபை பண்ணினதை (ஸ்பேஸ் எல்லாம் எடுத்து சுருக்கினது) மட்டும் வச்சு, மனுசன் படிக்கற சோர்ஸை வைக்காம விட்டா டெபியன் அதை சோர்ஸா ஒத்துக்காது, லைசென்ஸ் எம்ஐடியா இருந்தாலும் சரி. ஒன்னு அதோட முழு ஜேஎஸ்ஸை டெபியன்/மிஸ்ஸிங்-சோர்சஸ்ல வைக்கணும், இல்லன்னா காப்பிரைட் ஃபைல்ல ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்னு அதைச் சொல்லி, யூஸ்கேன் (புது வெர்ஷனை எறக்கற டூல்) டார்பாலை திரும்ப கட்டறப்பவே தூக்கிடணும், அப்ப வெர்ஷன் பின்னாடி ப்ளஸ் டிஎஃப்எஸ்ஜின்னு (டெபியனோட கட்டற்ற மென்பொருள் விதிகளோட சுருக்கம்) ஒட்டிக்கும்.

---

ரயில்பயணி:

நடுவுல பூந்ததுக்கு மன்னிக்கணும். 2023 ஜனவரில விழுப்புரம் மினிடெப்கான்ஃப் (டெபியன் மக்கள் கூடற மாநாடு) போயிட்டு வந்ததுலேர்ந்து ஒரு பேக்கேஜாவது டெபியனுக்குள்ள ஏத்தணும்னு ஆசை, இன்னும் கை வரல. நெல்லை அண்ணன் இவ்ளோ பண்ணிட்டாரு, அப்படியே டெபியனுக்கே அனுப்பிடலாமே? பேரு எப்படி வைக்கிறதுங்கறதுலயே எனக்கு குழப்பம், டெம்ப்ளேட் லைப்ரரி ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி பேர்ல கெடக்கு.

---

நல்லூரான்:

பேர் லாங்குவேஜைப் பொறுத்தது தம்பி. பைத்தான் எண்டா பைத்தான்3-மாக்கோ, பைத்தான்3-ஜின்ஜா2 மாதிரி, இம்போர்ட் பண்ணுற பேர்தான் பின்னால வரும். பேர்ள் எண்டா தலையும் வாலும் சேத்து லிப்எச்டிஎம்எல்-டெம்ப்ளேட்-பேர்ள். ரூபி எண்டா ரூபி-ஹாம்ல், பிஎச்பி எண்டா பிஎச்பி-ட்விக். ப்ரௌசருக்கு போற ஜேஎஸ் எண்டா லிப்ஜேஎஸ்-மஸ்டாஷ். அது பைனரி பேக்கேஜின்ர, அதாவது இன்ஸ்டால் பண்ணுறதின்ர, பேர், சோர்ஸ் பேக்கேஜுக்கு அவ்வளவு கட்டுப்பாடில்லை, ஜின்ஜா2க்கு சோர்ஸ் பேர் வெறும் ஜின்ஜா2தான்.

---

கறிவேப்பிலை:

அனுப்பலாம், ஆனா லேப்புக்கு வேணுங்கறதுக்காக அனுப்பாதீங்க, அதுக்கு இது குறுக்கு வழி இல்ல, நெடுஞ்சாலை. டபிள்யூஎன்பிபில (புது பேக்கேஜுக்கான பக் லிஸ்ட்) ஐடிபி, அதாவது நான் பேக்கேஜ் பண்றேன்னு சொல்ற, பக் போடணும், சால்சால (டெபியனோட கிட் சர்வர்) பைத்தான் டீம் கீழ ரெப்போ, உங்களுக்காக அப்லோட் பண்ண டெபியன் ஆளு ஒருத்தர் ஸ்பான்சரா, அதுக்கப்புறம் புது பேக்கேஜெல்லாம் காத்திருக்கற நியூ க்யூ. அங்க எஃப்டிபி மாஸ்டர் ஆளுங்க காப்பிரைட் ஃபைலை ஃபைல் ஃபைலா பாப்பாங்க, ஓரத்துல எங்கயோ யாரோட ஐகானையோ வச்சிட்டு சொல்லாம விட்டிருந்தா திருப்பி விட்டுடுவாங்க. எல்லாம் தாண்டினாலும் அது அன்ஸ்டேபிளுக்குத்தான் (டெபியனோட வளர்ச்சிக் கிளை) போகும், நெல்லையோட டெபியன் 12க்கு வராது. அதை விட முக்கியம், ஏத்தினதுக்கப்புறம் அதைப் பாத்துக்கணும். ஜின்ஜா2 புது வெர்ஷன் வந்து இது ஒடைஞ்சா பக் உங்க பேருக்குத்தான் வரும். ரயில்பயணிக்கு ஆசை இருந்தா ஆளில்லாம கெடக்கற ஏதாவது பேக்கேஜை எடுத்துத் துடைங்க, அதுல கத்துக்கறது அதிகம்.

நெல்லை தம்பி, இன்ஸ்டால் பண்றப்ப டிபிகேஜி மைனஸ் ஐ போடாதீங்க, ஜின்ஜா2, லிப்ஜேஎஸ்-ஜேக்வெரி இல்லன்னு பாதில நிக்கும். அதையெல்லாம் நெட் மெஷின்ல எறக்கி, உங்க டெப்போட சேத்து ரெப்ரெப்ரோங்கற டூல்ல ஒரு குட்டி ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) கட்டி லேப் உள்நெட்வொர்க்ல வைங்க, அடுத்த வெர்ஷனுக்கு 26 மெஷினுக்கும் பென்டிரைவோட அலைய வேண்டாம்.

---

பொட்டிதட்டி நெல்லை:

அப்டேட். பேட்ச் போட்டாச்சு, எஸ்பில்ட்ல வந்த டெப்ல 14ம் இருக்கு, மின் ஜேஎஸ் போயிடுச்சு, ஜேக்வெரி லோக்கல்லேர்ந்து வருது. ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் பாஸ், பேட்ச்சை எடுத்துட்டு ஓட்டினா ஃபெயில் ஆகுதான்னும் பாத்துட்டேன், ஆகுது. நேத்து சாயங்காலம் 26ல போட்டாச்சு, மெனு தொறக்குது.

நடுவுல ஒரு மணி நேரம் போனது வேற கதை, ரூல்ஸ் ஃபைல்ல ஒரு வரிய வாட்ஸப்லேர்ந்து காப்பி பண்ணிட்டேன், டேப் எல்லாம் ஸ்பேஸா மாறி மேக் வந்து மிஸ்ஸிங் செப்பரேட்டர்னு சொல்லிட்டே இருந்துச்சு, கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதானே தெரியுது.

லைப்ரரி எழுதினவருக்கும் அனுப்பினேன். ரொம்ப மரியாதையா பதில் போட்டிருக்கார், ஆனா "என் மெஷின்ல டெம்ப்ளேட் எல்லாம் வருதே, பிஒய்பிஐ வீல்லயும் இருக்கே, இது எதுக்கு"ன்னு கேக்கறார். என்ன சொல்றது?

---

கறிவேப்பிலை:

அவர் சொல்றதும் உண்மைதான், கிட்லேர்ந்து பில்ட் பண்றார். விளக்கம் எழுதிட்டு இருக்காதீங்க, நாலு ஸ்டெப் அனுப்புங்க: அவரோட சொந்த டேக் டார்பாலை டெம்ப் ஃபோல்டர்ல விரிக்கச் சொல்லுங்க, ப்ரிடெண்ட் வெர்ஷன் கொடுத்து வீல் கட்டச் சொல்லுங்க, அந்த வீலை அன்ஸிப் மைனஸ் எல் போட்டு எச்டிஎம்எல்லுக்கு க்ரெப் பண்ணச் சொல்லுங்க. நாலாவது ஸ்டெப், உங்க பேட்ச்சைப் போட்டுட்டு அதையே திரும்ப.